சந்தேகம் யார் தலையில்?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நிராகரிப்புக் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மேலே இருக்கும் மரியாதையையும் கீழே இருக்கும் வருத்தத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் காரணத்தை மட்டும் பென்சிலால் கட்டம் கட்டுவேன். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில் கட்டத்துக்குள் விழுந்தவை இரண்டே சொற்கள்: பிறவிக் கோளாறு.

குழந்தை பிறந்த சில நாட்களிலேயே பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தது. அதற்கான செலவைத் தர முடியாது என்றது கம்பெனி. பாலிசியோ முழுக் குடும்பத்துக்குமானது. பிரசவம், பிறந்த முதல் நாளிலிருந்து குழந்தை எல்லாம் அதில் அடக்கம். கல்யாணமான வருஷமே எடுத்து, ஒரு தவணை தவறாமல் கட்டி வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கை முடிக்க நகை அடமானத்துக்குப் போனது, சீட்டைத் தள்ளி எடுத்தார்கள், இரண்டு தறியை எடைக்குப் போட்டார்கள்.

குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கம்பெனியின் பெயரையும் ஆஸ்பத்திரிகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வழக்கின் எலும்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

என் அறையில் தறிக்காரரின் மனைவி குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலாவுக்குக் கீழே, வயிற்றில், தோலுக்கடியில் ஒரு மேடு. விளிம்பு கெட்டியாகத் தெரிந்தது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைக்குக் கீழே வைக்கும் பெட்டியைப் பச்சைக் குழந்தைக்கு அங்கே வைக்க இடமில்லை. இதயத்தின் மேற்பரப்பில் வயரைத் தைத்து, பெட்டியை வயிற்றுச் சதைக்குள் வைப்பார்கள். பிள்ளை வளர வளர இழுபடாமலிருக்க வயரைச் சுருட்டி மிச்சம் விட்டிருப்பார்கள். பேட்டரி தீரத் தீர ஆயுள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

“என்ன வியாதின்னு சொன்னாங்க?” என்று கேட்டேன். அப்பாதான் பதில் சொன்னார். “ஹார்ட் பிளாக்குனு எழுதியிருக்குதுங்க. ரத்தக்குழா அடைப்புன்னு நெனச்சமுங்க. அது இல்லீங்களாமா. எங்க தறி மாதிரின்னு வெச்சுக்கங்க. மோட்டாரு ஓடுது, பெல்ட்டு அந்து போச்சு. தறி எப்படீங் ஓடும்?”

எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரவில்லை. இதயத்தின் மேலறையில் மின்துடிப்பு ஒழுங்காகப் பிறக்கிறது. அது கீழறைக்கு இறங்குவதற்கு ஒரே ஒரு கணுதான் வழி, ஏ.வி. கணு என்பார்கள். அந்தக் கணு தழும்பாகிப் போனால் மேலறை ஒரு கதியிலும் கீழறை தன்பாட்டுக்கு மிக மெதுவாக இன்னொரு கதியிலும் துடிக்கும்.

ஃபைலைப் புரட்டினேன். வயிற்றிலிருக்கும் சிசுவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை துடிக்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் இந்தச் சிசுவின் துடிப்பு 60-ஐக்கூட எட்டவில்லை. ஆனால் மூன்றாம் மாதத்து ஸ்கேன் தாளில் 150-க்கு மேல் என்று இருந்தது. இரண்டு தாளையும் மேசைமேல் அருகருகே வைத்தேன். மூன்றாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது ஐந்தாம் மாதத்துக்குள் அறுந்திருக்கிறது. அப்படியானால் அறுத்தது எது?

அதற்கான விடையும் ஃபைலிலேயே, யாரும் கவனிக்காத ஒரு லேப் தாளில் கிடந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பிறகு யாரோ ஒரு கெட்டிக்கார மருத்துவர் தாயின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். ‘ஆன்ட்டி-ரோ: பாசிட்டிவ்.’

*

அவிநாசி ரோட்டில் மாலையில் கிளினிக் நடத்தும் ஒரு முடக்குவாத நோய் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன். முடக்குவாத மருத்துவருக்கும் குழந்தையின் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டபோது சிரித்தார். “எதிரியை அடிக்க உடம்பு வெச்சிருக்கிற படை, சில பேருக்குச் சொந்த உடம்பையே அடிக்கும். அந்தக் கேஸ் எல்லாம் எங்ககிட்டதான் வரும். மூட்டை அடிச்சா முடக்குவாதம். இதயத்தை அடிச்சாலும் அதே ரகம்தான்” என்றார்.

ஆன்ட்டி-ரோ என்பது அப்படிப்பட்ட ஓர் எதிர்ப்பொருள். உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் நோய்க்காரர்களிடமும், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரன் நோய்க்காரர்களிடமும் அதிகம் காணப்படும். 1933-இல் அந்த வறட்சி நோயை விரிவாக எழுதிய ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. லூபஸ் உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இந்த ‘ஹார்ட் பிளாக்’ என்னும் இதயத் தடை வருவதை 1977-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 1983-இல் அதற்கும் ஆன்ட்டி-ரோவுக்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது.

வழி இதுதான். பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தாயின் எதிர்ப்பொருள்களை நஞ்சுக்கொடி இரண்டாம் பருவத்திலிருந்து சிசுவுக்கு அனுப்பத் தொடங்கும். நல்லதோடு இதுவும் சேர்ந்து போகும். பதினாறாம் வாரத்திலிருந்து இருபத்தாறாம் வாரம் வரைதான் ஆபத்துக் காலம். ஏ.வி. கணுவில் அழற்சி வந்து, ஆறும்போது தழும்பாகிறது. எதிர்ப்பொருள் கணுவின் செல்களை எப்படிப் பிடிக்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இறந்துகொண்டிருக்கும் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு அழற்சியைக் கிளப்புகிறது என்பது ஒரு விளக்கம்; மின்துடிப்புக்கு வேண்டிய கால்சியம் வாயில்களையே நேராக அடைக்கிறது என்பது இன்னொன்று.

“தாய்க்கு எதுவும் தெரியாதா?”

“பல பேருக்குத் தெரியாது. பிள்ளையோட இதயம் நின்னு நின்னு துடிக்குதுன்னு ஸ்கேன்ல பார்த்த பிறகுதான், ரத்தத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னே கண்டுபிடிப்போம்.”

பேச்சு அதோடு நிற்கவில்லை. இதயத்தின் தாளம் தப்புவதில் தன்னுடல் தாக்குதலுக்கு எவ்வளவு பங்கு என்பது மருத்துவத்தில் இன்று வளர்ந்துவரும் கேள்வி என்றார். நமக்குப் பழக்கமான உதாரணம் வாதக் காய்ச்சல். சிறு வயதில் தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய படை, அதே சாயல் கொண்ட இதய வால்வையும் தாக்கிவிடும். வருஷங்கள் கழித்து வால்வு சுருங்கி, மேலறை விரிந்து, தாளம் கலைந்து, ரத்தக்கட்டி மூளைக்குப் போகும். பெரியாஸ்பத்திரிகளில் மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசிக்கு வரிசையில் நிற்பவர்கள் இந்தக் கதையின் ஆரம்பத்தில் இருப்பவர்கள். தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயிலும் படபடப்போடு தாளம் கலையும். அவர்களில் சிலரிடம் இதயத்தின் ஏற்பிகளையே தொட்டுத் தூண்டும் எதிர்ப்பொருள்களும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களிடம் ஆன்ட்டி-ரோ இருந்தால் இசிஜியில் க்யூ-டி இடைவெளி நீளுமா என்று இத்தாலியிலும் நியூயார்க்கிலும் ஆராய்கிறார்கள். “சிலதுல கை வெச்சு சத்தியம் பண்ணலாம். சிலதுல ‘இருக்கலாம்’னுதான் சொல்லலாம்” என்றார்.

எனக்கு வேண்டிய சான்றிதழை அப்போதுதான் கேட்டேன். ‘இந்தக் குழந்தையின் இதயத் தடைக்குத் தாயின் எதிர்ப்பொருளே காரணம்’ என்று ஒரு வரி. பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். “‘பெரும்பாலும் இதுவே காரணம்’னு எழுதித் தர்றேன். ‘இதுவே’ன்னு எழுத மாட்டேன். இதே எதிர்ப்பொருள் இருக்கிற நூறு தாய்மார்ல ஒருத்தர், ரெண்டு பேரோட பிள்ளைக்குத்தான் தடை வருது. மீதி பேருக்கு ஏன் வரலைன்னு எனக்குச் சொல்லத் தெரியாதப்போ, இவங்களுக்கு இதனால மட்டும்தான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?”

அப்படிப்பட்ட சாட்சி வக்கீலுக்குத் தொல்லை. ஆனால் நீதிமன்றம் நம்புவது அப்படிப்பட்டவரைத்தான்.

*

வழக்கைக் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போட்டேன். 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்திருந்தது. ஐந்து லட்சம் வரை பணம் கொடுத்து வாங்கிய சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. தறியை விற்றவரிடம் கோர்ட் ஃபீஸ் கேட்க வேண்டியிராதது எனக்கு ஒரு நிம்மதி.

புகாரின் அச்சாணி ஒரு வரையறை. ‘பிறவிக் கோளாறு’ என்பதைக் கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு விளக்க முடியாது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதற்கு ஒரே மாதிரியான வரையறை கொடுத்திருக்கிறது: பிறப்பிலிருந்தே இருப்பதாகவும், உருவம், அமைப்பு அல்லது இருப்பிடத்தில் இயல்புக்கு மாறானதாகவும் இருக்கும் நிலை. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். எங்கள் குழந்தையின் எக்கோ அறிக்கையில் நான்கு அறைகளும் சரி, வால்வுகள் சரி, ஓட்டை எதுவும் இல்லை. உருவத்தில் குறையில்லை, அமைப்பில் குறையில்லை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஓடாதது மின்சாரம் மட்டுமே. அதுவும் மூன்றாம் மாதம்வரை ஓடிய மின்சாரம்.

பதில் மனு வந்தது. கம்பெனியின் வக்கீல் எனக்கு வெகுநாள் பழக்கம். கேன்டீனில் ஒரே மேசையில் டீ குடிப்போம், உள்ளே போனால் விடமாட்டார். மூன்று பாயிண்ட் எடுத்திருந்தார். ஒன்று, தழும்பு என்பதும் அமைப்புக் குறைதான். ஆகவே இது பிறவிக் கோளாறு. இரண்டு, தாய்க்கு ஏற்கெனவே தன்னுடல் தாக்கு நோய் இருந்திருக்கிறது. பிரசவக் குறிப்பிலேயே ‘மூன்று வருடமாகக் கண் வறட்சி, சொட்டு மருந்து போடுகிறார்’ என்று இருக்கிறது. பாலிசி விண்ணப்பத்தில் அதை மறைத்துவிட்டார். மூன்று, குழந்தையின் ரத்தத்தில் ஆன்ட்டி-ரோ இல்லை என்று கம்பெனி எடுத்த பரிசோதனை சொல்கிறது. ஆகவே எதிர்ப்பொருள் கதையே நிற்காது.

முதல் பாயிண்டில் சாரம் இருந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படித்தபோது தெம்பு வந்தது. தாயை மாட்ட வேண்டுமென்றால் எதிர்ப்பொருள் உண்டு. பிள்ளைக்குப் பணம் கொடுக்காமலிருக்க வேண்டுமென்றால் எதிர்ப்பொருள் இல்லை. ஒரே கையெழுத்தின் கீழ் இரண்டும் இருந்தன.

மூன்றாவது பாயிண்ட்டுக்கு ஆதாரம் கம்பெனியின் பேனல் மருத்துவர் கொடுத்த அபிடவிட். நுகர்வோர் வழக்கில் மருத்துவர்களை வாரக்கணக்கில் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. எழுத்துமூலமாகக் கேள்வி கொடுத்துப் பதில் வாங்கலாம் என்று ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் வழி காட்டியிருக்கிறது. நான் கேள்விகளைச் சுருக்கமாக வைத்தேன்.

தாயிடமிருந்து சிசுவுக்குப் போகும் இந்த எதிர்ப்பொருள் பிறந்த பிறகு குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு காலம் இருக்கும்? பதில்: சுமார் ஆறு முதல் எட்டு மாதம்.

நீங்கள் நம்பியிருக்கும் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தபோது குழந்தைக்கு வயது என்ன? பதில்: ஒரு வருடத்துக்கு மேல்.

அப்படியானால், அந்தத் தேதியில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்பது, ஐந்தாம் மாதக் கருவில் அது இல்லை என்பதைக் காட்டுமா? பதில்: காட்டாது.

எதிர்ப்பொருள் மறைந்த பிறகு ஏ.வி. கணுவில் விழுந்த தழும்பும் மறையுமா? பதில்: மறையாது.

நேர்மையான மனிதர். கேட்டதற்கு மழுப்பாமல் எழுதியிருந்தார். அடிப்பவன் ஊரைவிட்டுப் போய்விட்டான், காயம் மட்டும் கிடக்கிறது. அதுதான் இந்த நோயின் சாட்சியச் சிக்கல். தோலில் படை, தட்டணு குறைவு, கல்லீரல் தொந்தரவு என்று இதே எதிர்ப்பொருளால் குழந்தைக்கு வரக்கூடிய மற்றவை எல்லாம் தாயின் எதிர்ப்பொருள் வடிந்ததும் சரியாகிவிடும். இதயத்தின் கணு மட்டும் திரும்புவதில்லை. ரத்தத்தில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. கர்ப்பகாலத்துத் தாளில் தேடுபவருக்குத்தான் கிடைக்கும்.

*

இனி இருந்தது கண் வறட்சி. வாதத்தின்போது ஆணைய உறுப்பினர் ஒருவர் அந்தப் பெண்ணையே முன்னால் கூப்பிட்டுக் கேட்டார். “கண்ணுக்கு மருந்து போட்டுட்டு இருந்தீங்களே, ஃபார்ம்ல ஏன் சொல்லல?”

அவர் முந்தானையைப் பிடித்தபடி சொன்னார்: “பஞ்சு படுதுன்னு நெனச்சேனுங்க. தறிக்குடோனுக்குள்ளார வேல செய்யறவீங்க எல்லாத்துக்கும் கண்ணு உறுத்துமுங்க. மெடிக்கல்ல சொட்டு மருந்து குடுப்பாங்க, போட்டுக்குவோம். அது வியாதின்னு எங்களுக்கு ஆரும் சொல்லலீங்க.”

தறி ஓடும் கட்டடத்துக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலில் சந்தேகமே வராது. காற்றெல்லாம் பஞ்சு. தலைமயிர், புருவம், சிலந்தி வலை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அங்கே கண் உறுத்தாதவரைத்தான் தேட வேண்டும். கம்பெனி வக்கீல் எழுந்து, காப்பீட்டு ஒப்பந்தம் முழு நல்லெண்ணத்தின்மேல் நிற்பது, முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது என்று சத்வந்த் கவுர் சந்து வழக்கின் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படித்தார். சட்டம் அதுதான். அதை நான் மறுக்கவில்லை.

நான் படித்தது மன்மோகன் நந்தா வழக்கு. அமெரிக்கப் பயணத்துக்குப் பாலிசி எடுத்த ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் மாரடைப்பு வந்து, மூன்று ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். கொழுப்பு அதிகமிருந்ததைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா அமர்வு 2021 டிசம்பர் 6-ஆம் தேதி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவர் சொல்ல வேண்டியது அவருக்குத் தெரிந்ததையும், தெரிந்திருக்க வேண்டியதையும்தான் என்பதை அந்தத் தீர்ப்பு நிதானமாக விளக்குகிறது. மருத்துவர்களே ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பிறகுதான் கண்டுபிடித்த ஒன்றை, கல்யாணமான புதிதில் ஒரு தறிக்காரப் பெண் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா? ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு, நோய் இருக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு. விண்ணப்பப் படிவம் கேட்டது மூன்றாவதை மட்டுமே.

இதய வழக்கு என்பதால் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தயால் தீர்ப்பையும் ஜூனியர் எடுத்துவைத்திருந்தார். இதயத் தசை தடித்துப்போகும் நோயை ‘மரபணுக் கோளாறு’ என்று சொல்லிப் பணம் மறுத்த கம்பெனிக்கு எதிராக நீதிபதி பிரதிபா சிங் 2018 பிப்ரவரியில் கொடுத்த தீர்ப்பு அது. பெரிய தீர்ப்புதான், ஆனால் எங்கள் நோய் மரபணுவில் எழுதப்பட்டது அல்ல. தோள் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன், முழுப் பாரத்தையும் அதன்மேல் வைக்கவில்லை.

உத்தரவு வந்தது. கம்பெனி முழுத் தொகையையும் வட்டியோடு கொடுக்க வேண்டும். வழக்குச் செலவும் உண்டு. மன உளைச்சலுக்குக் கேட்டதைத் தரவில்லை. தாய் எதையும் மறைக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பிறவிக் கோளாறு பற்றிய பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். தாயின் எதிர்ப்பொருள்தான் காரணமா, தழும்பு என்பது அமைப்புக் குறையா என்றெல்லாம் மருத்துவ முடிவு சொல்வது இந்த ஆணையத்துக்கு அவசியமில்லை; விலக்குப் பிரிவைக் காட்டுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்; நிரூபிக்கவில்லை; பொருள் இரண்டுபட்டு நிற்கும்போது வாசகத்தை எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

படித்த அன்று ஒரு சப்பென்ற உணர்வு இருந்தது உண்மை. அத்தனை மருத்துவம் படித்து, அத்தனை தாள் அடுக்கி, கடைசியில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லாமல் ஜெயித்திருக்கிறோமே என்று. யோசித்தால், ஆணையம் செய்ததே சரி. அறிவியல் ‘இருக்கலாம்’ என்று நிற்கும் இடத்தில் நீதிமன்றம் முந்திக்கொண்டு ‘இருக்கிறது’ என்று சொல்லக் கூடாது, ‘இல்லை’ என்றும் சொல்லக் கூடாது. அது தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சந்தேகத்தை யார் சுமப்பது. ஆயிரக்கணக்கான பாலிசிகளில் நஷ்டத்தைப் பரப்பிப் போட்டுக்கொள்ளவே பிரீமியம் வாங்கும் கம்பெனியா, தறியை எடைக்குப் போட்ட வீடா?

*

சந்தேகத்தை இன்னொரு தலையில் ஏற்றவும் ஒரு முயற்சி நடந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தறிக்காரரின் பெரியப்பா தனியாக வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பாலிசி நகல். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். “எங்க வமுசத்துல இருதயக் கோளாறு ஒருத்தருக்கும் இல்லீங்க. அந்தப் புள்ள ரத்தத்துலதான் குத்தம்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. அத வெச்சு... பிரிச்சு உட முடியுங்களா?”

அம்மாவுக்கு ஆதரவாக நான் வாங்கி வைத்த தாள், அம்மாவுக்கு எதிராகவே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. சட்டத்தை முதலில் சொன்னேன். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு விவாகரத்துக்குக் காரணங்களை அடுக்குகிறது. அதில் ரத்தத்து எதிர்ப்பொருளுக்கு இடமில்லை. தொழுநோய் இருந்தது, 2019-இல் பாராளுமன்றம் அதையும் எடுத்துவிட்டது. பிறகு மருத்துவர் சொன்ன கணக்கைச் சொன்னேன். இதே எதிர்ப்பொருளோடு நூறு பெண்கள் பிள்ளை பெற்றால் 98 பேரின் பிள்ளைகளுக்கு இதயத்தில் ஒன்றும் ஆவதில்லை. எதிர்ப்பொருள் மட்டுமே போதுமென்றால் நூறு பேருக்கும் வந்திருக்க வேண்டும். மிச்சக் காரணம் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. “அது உங்க வம்சத்திலிருந்து வந்ததா இல்லையான்னு உங்களால சொல்ல முடியுமாங்க?” என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனி மேல்முறையீடு போகாமல் பணத்தைக் கட்டியது. அடமான நகை திரும்பியது, தறி திரும்பவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு யோசித்தபோது அவர்கள் மருத்துவரிடம் போன கையோடு என்னிடமும் வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு இதயத் தடை வந்த தாய்க்கு அடுத்த கர்ப்பத்தில் அது மறுபடி வர ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு. ஹைட்ராக்சிகுளோரோகுவின், கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட அதே மாத்திரை, கர்ப்பத்தின் பத்தாம் வாரத்துக்குள் தொடங்கினால் இந்த ஆபத்து பாதிக்கும் கீழே குறையலாம் என்று நியூயார்க்கின் ஜில் பையான், பீட்டர் இஸ்மிர்லி குழுவினர் 2020-இல் வெளியிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட 54 கர்ப்பங்களில் நான்கில் மட்டுமே தடை வந்தது. அதையும் மருத்துவர் ‘குறையலாம்’ என்றுதான் சொன்னார். மாத்திரையோடு, ஆபத்துக் காலத்தில் அடிக்கடி ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார்.

என்னிடம் அவர்கள் வந்தது வேறு வேலையாக. பழைய கம்பெனியோடு மனசு விட்டுப்போய், பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றப் போகிறார்கள். புது விண்ணப்பப் படிவம். ஏஜென்ட் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கொண்டுவந்திருந்தார். “போன தடவ ஒண்ணும் எழுதாமத்தானுங்க ஜெயிச்சோம்” என்றார் தறிக்காரர்.

அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். போன தடவை ஜெயித்தது எழுதாததால் இல்லை, தெரியாததால். இப்போது தெரியும். நாங்கள் வாங்கிய உத்தரவே இனி அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு முதல் ஆவணம். வேறு படிவம் வாங்கி, ஆன்ட்டி-ரோ பாசிட்டிவ், கண் வறட்சி, முதல் குழந்தைக்குப் பேஸ்மேக்கர் என்று எல்லாவற்றையும் நானே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். புதுக் கம்பெனி பிரீமியத்தைக் கூட்டியது, தாயின் நோய்க்குக் காத்திருப்புக் காலமும் போட்டது. கசப்பாக இருந்தாலும் கட்டினார்கள். தெரியாத சந்தேகத்தைக் கம்பெனி சுமக்க வேண்டும் என்று வாதாடியவன், தெரிந்த உண்மைக்கு விலை கேட்க அதே கம்பெனிக்கு உரிமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.